செல்லாத எட்டணா

கண் சிவந்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.
பல்லார்ட் பியரில் டாக்டர் வரிசையில்
எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரை
இமையைப் புரட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள்.
என் முறை வருமுன் விலகிவிட்டேன்.

அவன் தூணோரம் நின்றிருந்தான்.
கம்பளியில் சுற்றிய தையல் மெஷின் தலை
கைப்பிள்ளை மாதிரி இடுப்பில்.
மொம்பாசா? என்றான்.
மொம்பாசா என்றேன்.
எங்களுக்குள் பொதுவாக இருந்த பாஷை அந்த ஒரு சொல்தான்.

டெக் டிக்கெட், போட்டோ ஒட்டாத பெர்மிட்,
அம்மை குத்திய சீட்டு.
எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தான்,
நோட்டெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது.
நான் ஊர் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை.
என் பெயரை மட்டும் இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தேன்,
யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே.
அசன் கனி.
ஹாசன் கன்னி என்றான்.
போதும் என்றேன்.

தாராவிக்கு வந்து பீடி வாங்கும்போது தெரிந்தது,
ஓர் எட்டணா ஈயம்.
மூன்று நாள் வாய் ஓயாமல் திட்டினேன்.
தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியைக் கலக்கிக்கொண்டே
நடுக்கடலில் போவான் என்று திட்டினேன்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பேப்பரில் ஒரு வரி வரவில்லை. சண்டைக்காலம்.
ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு மை பூசியிருந்த ஊரில்
சேதி வாய் வழியாகத்தான் வந்தது:
வெலாரியா இல்லை.

பிழைத்து வந்த சமையல்கட்டு ஆள் ஒருவன்
பெண்டி பஜாரில் டீயை ஆறவைத்தபடி சொன்னான்:
கீழ் டெக் ஆட்களுக்கு எந்தப் படகு என்று
யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை.
தையல் மெஷின் வைத்திருந்த ஆளைப் பார்த்தீரா என்றேன்.
எல்லோரும் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார்கள் பாய்,
என்றான்.

கம்பெனிச் சுவரில் பட்டியல்.
இருநூற்றுப் பதினேழாவதாக நான்,
எழுத்துப் பிழையோடு.

உள்ளே போனேன். இது நான் இல்லை,
நான் இதோ நிற்கிறேன் என்றேன்.
கிளார்க் பேனாவைத் தொட்டு எடுத்தார்.
அப்படியானால் யார்?
தெரியாது.
பெயர்?
தெரியாது.
சரி, என் பெயர் மேல் கோடு விழப்போகிறது,
தொகையில் ஒன்று குறையப்போகிறது,
கடலில் இறங்கியவன்
கரையில் ஏறாமலே இல்லாமல் போகப்போகிறான்.

நிறுத்துங்கள் என்றேன்.
அந்த அசன் கனி வேறு ஆள் போலிருக்கிறது என்றேன்.
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
வரிசையில் பின்னால் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு வழிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காயிப் ஜனாஸா தொழுகை.
மூன்றாவது சஃப்பில் நின்று எனக்கும் சேர்த்துத் தொழுதேன்.
அவன் எந்த மதமோ.

ரேஷன் கார்டை மச்சான் பெயரில் போட்டோம்.
மௌத்தானவரே, மண்ணெண்ணெய் வாங்கி வாரும்
என்று சபுரா சிரிப்பாள்,
அப்புறம் சிரிக்காமல் இருப்பாள்.

எட்டணாவை யாரும் வாங்கவில்லை,
உண்டியலில் போடவும் மனம் வரவில்லை.

சண்டை முடிந்தது. ஜன்னல் மையைச் சுரண்டினார்கள்.
மஸ்ஜித் பந்தர் பக்கம் மெஷின் சத்தம் கேட்டால்
கால் நிற்கும்.
உங்கள் ஆள் யாராவது கப்பலில்...
அதற்குமேல் எந்த பாஷையில் கேட்பது?
தையல்காரர் டேப்பைத் தோளிலிருந்து எடுத்துவிடுவார்.
கையைத் தூக்கி நிற்பேன்.
நெஞ்சளவு எடுப்பார், கழுத்தளவு எடுப்பார்,
பெயர் கேட்பார், சீட்டில் எழுத.

இதுவரை பதினொரு சட்டை.
ஒன்றுகூடச் சரியாக இல்லை.